மருதமுத்து மகன் வேலிகாத்தான்

அங்கமுத்து எந்தத் தப்பும் செய்யாதவர். அதனால்தானோ என்னவோ, ஏதோ செய்துவிட்டோம் என்ற சந்தேகம் அவரை விட்டு ஒருநாளும் போனதில்லை. சாலையில் போலீஸ் ஜீப் வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து நிற்பார். பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினால், பரிசோதகர் வந்தாலும் வராவிட்டாலும், டிக்கெட் எல்லார் கண்ணிலும் படும்படி அவர் விரலிடுக்கிலேயே இருக்கும். ரேஷன் கடையில் எடை குறைந்தால் குறைத்தவன் முகம் சாதாரணமாக இருக்கும், அங்கமுத்துவுக்குத்தான் வியர்க்கும்.

"ஊரு குத்தமெல்லாம் ஒங்க தலையில எழுதியிருக்கற மாதிரி ஏன்தான் இப்படி முழிக்கிறீங்களோ," என்பாள் அவர் மனைவி உண்ணாமலை.

காரைமேட்டில், அரியலூர் சாலையோரம் அவருக்கு ஒரு பஞ்சர் கடை. கடைக்குப் பின்னால், மகள் பரிமளாவுக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிப்போட்ட சின்ன மனை. அந்த மனை முழுக்க வேலிகாத்தான். வெளியூர்க்காரர்கள் சீமைக்கருவேலம் என்று சொல்லும் முள்மரத்துக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அதுதான். வேலியைக் காப்பான் என்று நம்பி யாரோ வைத்த பெயர். அவன் வேலியைத் தின்றான், வேலிக்கு உள்ளே இருந்த நிலத்தையும் தின்றான், பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தான். அவன் முள் ஏறாத டயர் காரைமேட்டில் கிடையாது. "பஞ்சர் கடைக்காரரு மனையில முள்ளு வளக்குறது தொழில் ரகசியமாண்ணே?" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அங்கமுத்து அதை ராத்திரியெல்லாம் யோசிப்பார்.

அப்படியிருக்கும்போதுதான் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! முட்புதர் இல்லா முன்மாதிரிப் பேரூராட்சி இயக்கம்! தங்கள் மனையில் உள்ள முட்புதர்களையும் நச்சுச் செடிகளையும் தாங்களே அகற்றி, அகற்றியதற்கான சான்று பெற வேண்டும். தவறினால், மனை பேரூராட்சியின் பராமரிப்பில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்!"

பேரூராட்சியின் பராமரிப்பு என்றால் என்ன என்று காரைமேட்டுக்குத் தெரியும். போன வருஷம் சிறுவர் பூங்காவைப் பராமரிப்பில் எடுத்தார்கள். அதற்குள் நுழைந்த சினை ஆடு குட்டியோடுதான் வெளியே வந்தது.

ஆட்டோ சரியாக அங்கமுத்து கடைமுன் வந்து நின்றது. அவர் வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். இறங்கிய ஓட்டுநர் பின் சக்கரத்தைக் காட்டினான். முள். ஒலிபெருக்கி தன்பாட்டுக்கு எச்சரித்துக்கொண்டிருக்க, அங்கமுத்து அதன் நிழலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார். கூலி வாங்கவில்லை. முள் தன்னுடையதாக இருக்கலாம் என்று அவருக்குப் பட்டது.

மறுநாளே கணக்கெடுக்க ஒருவன் வந்தான். பிரசாத் என்று கழுத்து அட்டையில் போட்டிருந்தது. பேச்சில் கோயம்புத்தூர் வாடை. புது ஷூ போட்டிருந்ததால் மனைக்குள் கால் வைக்காமல், சாலையில் நின்றபடியே கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டு கேட்டான்.

"இடம் யாருதுங்க?"

"என்னுதுதாங்க சார்."

"இப்ப இடத்துல யாருங்க இருக்கறது?"

அங்கமுத்து கூனிக்குறுகி முள்காட்டைப் பார்த்தார். "யாரு இருக்கா? எல்லாம் வேலிகாத்தான்தாங்க சார். பல வருசமா அவன்தான் இருக்கான். என்ன பண்ணுனாலும் கெளம்ப மாட்டேங்கிறான்."

பிரசாத் தட்டினான். "அப்பா பேருங்க?"

தன் அப்பாவைக் கேட்கிறான் என்று நினைத்து, "மருதமுத்துங்க," என்றார்.

"காலி பண்ணச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கேட்டாப் போறவனா சார் அவன்? வெட்டுனாத்தான் போவான்."

பிரசாத் ஒருதரம் தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு அதையும் தட்டினான்.

அன்றைக்கே அங்கமுத்து கொளஞ்சியைத் தேடிப் போனார். கொளஞ்சி ஓடைக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டு, மனைவி ராசாத்தியோடு இருந்தான். வேலிகாத்தானை வெட்டி, மண் பூசி மூட்டம் போட்டு, கரியாக்கி விற்பது அவன் தொழில். குடிசை இருக்கும் இடத்துக்குப் பட்டா கேட்டு மனுக் கொடுத்துவிட்டு, எந்த அதிகாரி சாலையில் போனாலும் அந்தப் பட்டாவைத்தான் கொண்டுவருகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தவன்.

"கூலியெல்லாம் வேணாண்ணே. வெறகு எனக்கு, எடம் ஒங்களுக்கு," என்றான். சொன்னபடியே புருஷனும் பெண்டாட்டியும் வெட்டினார்கள், தூரைத் தோண்டினார்கள், அங்கேயே மூட்டம் போட்டார்கள். பரிமளாவின் மனையில் வானம் தெரிந்தது. அங்கமுத்து வாழ்க்கையில் முதல்முறையாக நிமிர்ந்த நடையோடு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

அலுவலகத்துக்குள் நிமிர்ந்து போக முடியாது. வாசலிலிருந்து படிவரை வேலிகாத்தான் இரண்டு பக்கமும் கவிந்து நின்றதால் குனிந்து, பக்கவாட்டில்தான் போக வேண்டும். பேரூராட்சிக் கணக்கில் அதற்குப் பெயர் பசுமைப் பரப்பு.

உள்ளே முட்புதர் ஒழிப்புத் தனிப்பிரிவில் ஜெயசுதா என்ற எழுத்தர் கணினிமுன் உட்கார்ந்திருந்தார். அங்கமுத்துவின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேலிகாத்தான் எங்க?" என்று கேட்டார்.

"வெட்டியாச்சும்மா," என்றார் அங்கமுத்து பெருமையாக. "வெட்டி, வேரோட புடுங்கி, எரிச்சாச்சு. எரிச்சது போவ மிஞ்சுனத மூட்டையா கட்டி வித்தாச்சு."

பக்கத்து மேசையில் பிறப்புச் சான்றுக்காக நின்றிருந்த ஒரு பெண், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஜெயசுதா கணினியை அவர் பக்கம் திருப்பினார். அதில் இருந்தது: மனையில் குடியிருப்பவர், வேலிகாத்தான், த/பெ மருதமுத்து. உரிமையாளருடன் உறவு, உடன்பிறந்தவர். குறிப்பு, உயிர் மிரட்டல் உள்ளது.

"அய்யய்யோ! அது முள்ளும்மா!"

"எனக்குத் தெரியாதா? நான் செந்துறைக்காரி. எங்க ஊருல பால்குடிக்கிற புள்ளைக்கும் தெரியும் வேலிகாத்தான்னா என்னன்னு. ஆனா கம்ப்யூட்டருல ஆளுன்னு ஏறிட்டாரு. ஏறுனவர எறக்குறதுக்கு எங்களுக்குப் பவர் இல்ல. சாரப் பாருங்க."

சார் என்பது செயல் அலுவலர் நடராசன். மேசைமேல் அவர் பெயர்ப்பலகைக்குப் பின்னால் அவரும், அவருக்குப் பின்னால் அவர் விருது வாங்கும் படங்களும் இருந்தன. முழுக்கதையையும் கண்ணை மூடிக் கேட்டார்.

"அங்கமுத்து, நான் ஒளிவு மறைவில்லாம பேசுறவன். நீங்க வெட்டுனது மரமா இருந்தா இந்நேரம் சான்று குடுத்து அனுப்பியிருப்பேன். மனுசனாப் போயிட்டதால கொஞ்சம் நாளாவும். மனுசன்னு வந்துட்டா இந்த ஆபீசுல எதுவும் சட்டுனு நடக்காது, அது ஒங்களுக்கே தெரியும்."

"அது மரம்னு ஒங்களுக்கும் தெரியுது சார்..."

"தனிப்பட்ட முறையில தெரியும். இதோ, சன்னலத் தொறந்தா என் மூஞ்சியிலயே அடிக்குது. ஆனா நான் இந்த நாற்காலியில ஒக்காந்துட்டா எனக்குத் தனிப்பட்ட முறையில எதுவுமே தெரியக் கூடாது. சர்வீஸ் முழுக்க அப்படித்தான் இருந்திருக்கேன். ஒரு ரிமார்க் கெடையாது."

ஆகவே சட்டப்படி எல்லாம் நடந்தது. யாரையும் விசாரிக்காமல் அப்புறப்படுத்தியதாக நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதல்லவா? வேலிகாத்தானுக்கு அறிவிப்பு எழுதி, அவர் கடைசியாக வசித்த இடத்தில், அதாவது கொளஞ்சி தோண்டிய குழி ஒன்றின் ஓரத்தில், குச்சி நட்டு ஒட்டினார்கள். விசாரணை நாளன்று அலுவலக உதவியாளர் ஆண்டவர் படியில் நின்று, "மருதமுத்து மகன் வேலிகாத்தான்! மருதமுத்து மகன் வேலிகாத்தான்!" என்று உரக்கக் கூப்பிட்டார். காற்றுக்கு வளாகத்து முள் ஒருதரம் சலசலத்தது. அங்கமுத்து திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆண்டவரே கூப்பிட்டும் அவர் வரவில்லை என்று பதிவு செய்யப்பட்டது.

"வரலன்னா ரெண்டே காரணந்தான்," என்றார் நடராசன். "ஒண்ணு, அவருக்கு இந்த நிர்வாகத்து மேல நம்பிக்கை இல்ல. அப்படி ஒருத்தர் இருக்க வாய்ப்பில்ல. இன்னொண்ணு, ஆளே இல்ல. கடைசியா அவரோட இருந்தது யாரு?"

அங்கமுத்து கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில்கூட அவர் அப்படித் தூக்கியதில்லை.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. முள் என்று தெரியும்; ஆனாலும் கூடப் பிறந்தவன் என்று அரசாங்கமே எழுதிய பிறகு, ஒரு முறைகூட அவனுக்குத் தண்ணீர் ஊற்றவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது. எரிந்த இடத்தைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றினார். உண்ணாமலைக்குக் கோபம் வந்தது.

"ஒங்கப்பனுக்கு நீங்க ஒத்தப் புள்ள. வெட்டுனவன் கொளஞ்சி, எரிச்சவனும் கொளஞ்சி. அவன் நிம்மதியா தூங்குறான். நீங்க ஏன் சாவுறீங்க? மனை போயிடுச்சுன்னா பரிமளாவுக்கு என்ன இருக்கு, அத நெனைங்க."

மனை போகும் நாள் நெருங்கிக்கொண்டுதான் இருந்தது. 'பேரூராட்சிப் பராமரிப்பில்' என்ற பலகையை எழுதி, வர்ணம் காய்வதற்காக அலுவலகச் சுற்றுச்சுவரில் சாய்த்து வைத்திருந்ததை அவரே பார்த்தார். நடராசனின் மேசைமுன் போய் அழுதுவிட்டார்.

"அழுவாதீங்க. நாங்க மக்களுக்காகத்தான ஒக்காந்துருக்கோம்," என்றார் நடராசன். "வேலிகாத்தானே நேருல வந்து, காலி பண்ணிட்டேன்னு ஒரு கைநாட்டு வச்சுட்டா முடிஞ்சு போச்சு."

"மரம் எப்படிங்க சார் கைநாட்டு வைக்கும்?"

"மரம் மரம்னு நீங்கதான் சொல்லிக்கிட்டு இருக்கீங்க. கட்டவெரலு உள்ள யாராச்சும் ஒருத்தர் வந்தாப் போதும். யாருன்னு நான் கேக்க மாட்டேன். கேக்காம இருக்கறதும் ஒரு சேவைதான்."

அங்கமுத்து நேரே ஓடைக்கரைக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் கொளஞ்சி விழுந்து விழுந்து சிரித்தான். ராசாத்தியைக் கூப்பிட்டு, "அடியே, நம்ம அண்ணனுக்கு நான் தம்பியாம்டி. பேரு வேலிகாத்தான்!" என்றான். "வரேண்ணே. கைநாட்டுதான? கட்டவெரலு என்ன தேஞ்சா போயிடும்? அப்படியே எம் பட்டா என்னாச்சுன்னும் கேட்டுக்கிறேன்."

ஜெயசுதா தாளை எடுத்து வைத்தார். 'கொளஞ்சி என்கிற வேலிகாத்தான் ஆகிய நான்' என்று தொடங்கியது. அங்கமுத்து பொறுமையாகப் படித்தார். பொது இடம், தனியார் இடம் எதையும் ஆக்கிரமித்துப் பழக்கப்பட்டவன் என்று அதில் இருந்தது. மேற்படி மனையில் இனி கால் வைக்க மாட்டேன் என்று இருந்தது. இந்தப் பேரூராட்சி எல்லைக்குள் எனக்குள்ள எந்தக் குடியிருப்பை அகற்றினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் இருந்தது. கடைசி வரியை அவர் இரண்டு தரம் படித்தார்.

"என்னண்ணே போட்டுருக்கு?" என்று கேட்டான் கொளஞ்சி, கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தி வைத்துக்கொண்டு.

அங்கமுத்து சன்னலுக்கு வெளியே பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த பலகை தெரிந்தது. வர்ணம் காய்ந்துவிட்டிருந்தது.

"வேலிகாத்தான் போயிட்டான்னு போட்டுருக்கு," என்றார்.

கொளஞ்சி சிரித்துக்கொண்டே அழுத்தினான். பட்டாவைப் பற்றிக் கேட்டான். வரும் என்றார்கள்.

வந்தது ஜேசிபி. முட்புதர் ஒழிப்பு இயக்கத்துக்காக அமர்த்திய வண்டி அது. முள்ளில் இறங்கினால் டயர் போகும் என்று ஓட்டுநர் மறுத்துவிட்டதால், சும்மா நின்றிருந்தது. இப்போது ஆட்சேபணை இல்லாத ஒரு குடியிருப்பு இருப்பது தெரிந்ததும் ஓடைக்கரைக்குப் போனது. முள் இல்லாத இடம், வழி சுத்தம். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ராசாத்தி பானை சட்டிகளைச் சாலையோரம் அடுக்கி வைத்துக்கொண்டிருந்ததை அங்கமுத்து கடையிலிருந்தே பார்த்தார். எழுந்து போகவில்லை. ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி, அதில் வராத குமிழியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. அங்கமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தி, சான்றும் கேடயமும் கொடுத்தார்கள். நடராசன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"பெருமக்களே! முட்புதர் ஒழிப்பில் நாம மாவட்டத்துக்கே வழிகாட்டி! சில பேரு கேக்கறாங்க, முள்ளு அப்படியேதான இருக்குன்னு. முள்ள அகத்துனா திரும்ப மொளைக்கும், அது அதோட சுபாவம். அதனால எத அகத்துனா திரும்ப மொளைக்காதோ, அத மட்டும் தேர்ந்தெடுத்து அகத்தியிருக்கோம்! தன் கூடப் பொறந்தவருன்னும் பாக்காம, சட்டத்துக்காக அவரையே அலுவலகத்துக்குக் கூட்டிட்டு வந்து காலி பண்ண வச்ச அங்கமுத்து அவர்களைப் போல வீட்டுக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் அங்கமுத்துவின் படம் போட்ட பிளெக்ஸ் எழுந்தது. 'முன்மாதிரிக் குடிமகன்' என்று எழுதியிருந்தது. அதில் அவர் முகம் பிடிபட்ட திருடன் முகம் மாதிரியே இருந்தது. படம் நன்றாக விழுந்திருப்பதாக எல்லாரும் சொன்னார்கள்.

பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டே மறுநாள் அவர் அலுவலகத்துக்குப் போனார்.

"சார், நான் தப்புப் பண்ணிட்டேன். வேலிகாத்தான் மரம். கொளஞ்சி பாவம், அவனுக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சே ஏமாத்துனேன். என் மேல நடவடிக்கை எடுங்க."

நடராசன் பதறிப்போய் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். "ஒங்க மேலயா? ஒங்க மேல குத்தம் எதுவும் இல்லன்னு நான் கையெழுத்து போட்டுக் குடுத்துருக்கேன். நான் போட்ட கையெழுத்தப் பொய்யின்னு சொல்றதுக்கு ஒங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கு?"

"நாந்தான சார் பண்ணுனேன்!"

"இருக்கலாம். ஆனா நீங்க ஒண்ணும் பண்ணாதப்போ வந்தீங்க பாருங்க, அப்ப சந்தேகம் இருந்துச்சு, விசாரிச்சோம். இப்ப சான்று இருக்கு. சான்று உள்ளவர விசாரிக்க எங்ககிட்ட வழியில்ல. போயி நிம்மதியா தூங்குங்க."

ஜெயசுதா மட்டும் கணினியிலிருந்து தலை தூக்கவில்லை.

ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்தது. பரிமளாவின் மனையில், தோண்டிய குழி ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. அங்கமுத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் கொளஞ்சி வந்தான். விக்கிரமங்கலத்தில் மச்சான் வீட்டில் ஒண்டியிருப்பதாகவும், பட்டா வந்துவிட்டதா என்று கேட்டுப் போக வந்ததாகவும் சொன்னான். ஆக்கிரமித்துப் பழக்கப்பட்டவன் என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்களாம். இடுப்பில் அரிவாள் இருந்தது. சாலையிலேயே நின்றுகொண்டான்.

"உள்ள வா கொளஞ்சி. இந்த மனையிலயே ஒரு மூலையில குடிசை போட்டுக்க. நான் சொல்றேன்ல."

"வேணாண்ணே. இதுல கால் வைக்க மாட்டேன்னு கைநாட்டு வச்சுருக்கேனாமே. ஆபீசுல அந்தம்மா சொன்னுச்சு."

"அது வெறும் காயிதம்டா."

"வெறும் காயிதமாண்ணே? அதக் காட்டித்தான எங்க வூட்ட இடிச்சாங்க?"

கொளஞ்சி கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பிறகு, "ஒங்களுக்குப் படிக்கத் தெரியுமேண்ணே. அன்னிக்கு அதப் படிச்சீங்கல்ல?" என்றான்.

அங்கமுத்து தலையாட்டினார். "படிச்சேன். ரெண்டு தரம் படிச்சேன். படிச்சுட்டுத்தான் ஒன்ன வைக்கச் சொன்னேன்."

கொளஞ்சி குழியோரத்துப் பச்சையைப் பார்த்தான். திட்டியிருந்தால் அங்கமுத்து அவன் காலில் விழுந்திருப்பார். அவன் திட்டவில்லை. அரிவாளை உருவி, சாலையில் நின்றபடியே பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினான்.

"துளுத்துருச்சு பாருங்க. இப்பமே தூரோட எடுத்துடுங்க. முத்துனா ஒங்களால முடியாது. நான் உள்ள வரக்கூடாது."

அரியலூர் பஸ் வந்தது. அரிவாளைத் திருப்பிக் கேட்காமலே ஏறிப் போய்விட்டான்.

அங்கமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிவாளோடு மனை நடுவில் நின்றார். சாலையில் ஒரு போலீஸ் ஜீப் வந்தது. அவரைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து நின்றது. அவர் அதை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர் முகத்தைப் பார்த்தார், பஸ் நிறுத்தத்துப் பிளெக்ஸைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"என்னங்க அங்கமுத்து, திரும்ப மொளைக்குதா? வெட்டுங்க, வெட்டுங்க," என்று சிரித்து, நெற்றியில் கைவைத்து ஒரு வணக்கமும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் கண்ணுக்கு மறைந்த பிறகுதான், வேட்டியை இறக்கிவிடாமலே நின்றிருந்தது அவருக்குத் தெரிந்தது.